நூலறைத் தெர்மாமீட்டர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் மூன்று பேச்சுத்தான்: முழங்கால், சர்க்கரை, ஏசி. முதல் இரண்டையும் உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மூன்றாவதில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

என் மகன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு திருப்பூரில் உள்ள என் வீட்டை அறை அறையாக ஆள்கிறான். ஒவ்வொரு அறைச் சுவரிலும் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி ஒட்டியிருக்கிறது. அறையின் சூட்டையும் ஈரத்தையும் அது அவனுடைய கைப்பேசிக்குச் சொல்லிவிடும். ஹாலுக்கு இருபத்தைந்து. ஆள் இல்லாத அறையில் ஏசி தானாக அணைந்துவிடும். என் அறைக்கு மட்டும் இருபத்தெட்டு. "வயசானவங்களுக்குக் குளுரு ஆகாதுங்கம்மா" என்கிறான். எங்கோ படித்திருக்கிறான்.

நான் தொழிற்சாலை ஆய்வுத் துறையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவள். எந்தக் கூடத்தில் எத்தனை பேருக்கு எத்தனை சன்னல் வேண்டும், எவ்வளவு ஈரம் இருக்கலாம், அதை யார் எந்தப் படிவத்தில் எத்தனை மணிக்கு எழுத வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவளுக்கு இருபத்தெட்டு என்று உத்தரவு. எதிர்த்துப் பேசவில்லை. ஒரு டம்ளரில் வெந்நீர் ஊற்றி வெள்ளைப் பெட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரியில் வைத்தேன். பெட்டி முப்பத்தெட்டு என்றது. ஏசி பதறிப்போய் ஓடத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் என் அறை மலைவாசஸ்தலம் ஆனது.

அன்றிலிருந்து தினமும் இதே வேலை. ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மகன் கூப்பிட்டான். "அம்மா, உங்க ரூம்புல தெனம் முப்பத்தெட்டு காட்டுதுங்க. அந்தப் பொட்டி கெட்டுப் போச்சாட்ட இருக்குது. மாத்தறதுக்கு ஆளு அனுப்பறேன்."

"அனுப்பு கண்ணு" என்றேன். வெந்நீர் டம்ளரை ஒளித்து வைக்க இடமும் பார்த்துக்கொண்டேன்.

முப்பத்துநான்கு வருடம் அடுத்தவர்களின் பொய்ப் பதிவேடுகளைப் பிடித்துக் குறிப்பாணை கொடுத்தவளுக்கு இந்த வித்தை உத்தியோகத்தில் வந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. பதினோரு வயதில், ஒரு சித்திரை மாதத்தில் வந்தது.

அப்போது எங்கள் வீடு ராயபுரத்தில் இருந்தது. அப்பா பனியன் துணி பின்னிக் கொடுப்பவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நான்கு நிட்டிங் மிஷின்கள். இப்போதுபோல் வீட்டுக்கு ஒரு கம்பெனி என்று இல்லாத காலம். நான்கு மிஷின் வைத்திருந்தவர் முதலாளி.

வீட்டில் நான்கு அறைகள். தெருப்பக்கம் ஹால். அதற்குப் பின்னால் சமையலறை. வடக்குப் பக்கம் ஓர் அறை: முழங்கை நீளத்துக்குக் கனத்த மண்சுவர், மேலே நாட்டு ஓடு, பக்கத்து வீட்டு மாடிச் சுவர் அதன்மேல் நாள் முழுக்க நிழல் போட்டுக்கொண்டிருக்கும். மேற்குப் பக்கம் பிற்பாடு கட்டிய ஓர் அறை: ஒற்றைக்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சமையலறை அடுப்பு முதுகைச் சாய்த்திருப்பதும் அதே சுவரில். வேனிலில் அந்த மேற்கு அறைக்குள் மத்தியானம் போனால் தலைமுடி நுனி பொசுங்குகிற வாசனை வருவதுபோல் இருக்கும்.

இந்த வீட்டின் சூட்டை அம்மா ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி நிர்வகித்தாள். பத்து மணிக்கு மேற்குச் சன்னல்கள் அடைக்கப்படும். பன்னிரண்டுக்குச் சமையலறை காலி. சாப்பாடு ஹாலின் கிழக்கு மூலையில். மூன்று மணிக்குக் கிழக்கு மூலையும் சூடேறிவிடும், பாயைச் சுருட்டிக்கொண்டு நடைக்கு. நாலரைக்கு ஹால் தரையில் தண்ணீர் தெளிப்பு. "நாலரைக்கு முன்னால எவ சன்னலத் தொடறாளோ அவ கைய ஒடிப்பேன்" என்பது வீட்டுச் சட்டம். எவள் என்றால் நான்தான். வேறு ஆள் கிடையாது. ஆக, மனிதர்களாகிய நாங்கள் வெயிலுக்குப் பயந்து நாள் முழுக்க அறை மாறிக்கொண்டே இருந்தோம்.

வடக்கு அறைக்கு மட்டும் யாரும் போக முடியாது. அது நூலுக்கு.

கோடைக் காற்றில் பருத்தி நூல் காய்ந்து விறைத்துப்போகும். மிஷினில் போட்டால் அறுந்துகொண்டே இருக்கும். துணியில் ஓட்டை விழும். அதனால் மிஷினில் ஏறுவதற்கு முன் நூல் சில நாள் குளிர்ச்சியான, ஈரமான இடத்தில் இருக்க வேண்டும். அப்பா வடக்கு அறைச் சன்னல்களில் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டிருந்தார். தரையில் மணல் பரப்பி, அதன்மேல் நாளைக்கு இரண்டு குடம் தண்ணீர். மணல்மேல் மரப்பலகை, பலகைமேல் நூல் மூட்டைகள். உள்ளே காலை வைத்தால் நனைந்த சணலும் பஞ்சும் கலந்த ஒரு வாசனை வரும். எனக்கு இன்றுவரை குளிர்ச்சி என்றால் அந்த வாசனைதான். ஏசியில் அது வருவதில்லை.

அங்கே சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. கோவை மில் ஒன்றில் வேலை பார்த்த சிநேகிதர் அப்பாவுக்குக் கொடுத்தது. தேக்குப் பலகையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றின் குமிழ் சும்மா இருக்கும். அது அறையின் சூட்டைக் காட்டும். மற்றதன் குமிழில் வெள்ளைத் துணி சுற்றி, துணியின் வால் ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும். அது எப்போதும் கொஞ்சம் குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் காற்று காய்ந்திருக்கிறது, சாக்கை நனைக்க வேண்டும். வித்தியாசம் மூன்றுக்குக் கீழே வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது, நூலில் பூசணம் பிடிக்கும். அப்போதெல்லாம் பாரன்ஹீட் கணக்கு. எண்பத்துநான்கும் எழுபத்தெட்டும் இருந்தால் அப்பாவுக்கு நிம்மதி.

காலை, மதியம், மாலை மூன்று வேளையும் இரண்டு எண்களையும் நோட்டில் எழுதுவது என் வேலை. "அம்மிணி எழுதினா தப்பு இருக்காது" என்று அப்பா கொட்டகையில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன்.

அந்தச் சித்திரையில் அப்பாவின் தங்கை, என் அத்தை, முதல் பிரசவத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. நான்காம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்து அம்மா அவளை நேராக மேற்கு அறையில் கொண்டுபோய் விட்டாள்.

சன்னல் இரண்டையும் அடைத்து, இடுக்குகளில் பழந்துணி திணித்தாயிற்று. கட்டிலுக்கு அடியில் காலையும் மாலையும் தணல் சட்டி. அதில் சாம்பிராணி. அத்தைக்குத் தலையைச் சுற்றித் துணிக்கட்டு, காதில் பஞ்சு, சாப்பிட மிளகும் பூண்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டே டம்ளர், அதுவும் கொதிக்கக் கொதிக்க. வீட்டில் இருந்த ஒரே மேஜை மின்விசிறி அந்த அறை வாசலைத் தாண்டக் கூடாது. பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் சன்னி வந்துவிடும் என்பது அம்மாவின் முடிவு.

அத்தை அம்மாவை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவிக்கு அதுதான் பெயர்.

"நங்கையா, ஒரு வாய்த் தண்ணி குடுங்க. நாக்கு மேல ஒட்டிக்குதுங்க."

"காத்தாலதான் குடிச்ச."

"பாலே வர மாட்டீங்குதுங்க. புள்ள சப்பிச் சப்பிப் பாத்துட்டு அழுகுது."

"பூண்டு திண்ணு, வரும். தண்ணி குடிச்சா வவுறு சரிஞ்சு போகும், பொறவு உன்ற மாமியா என்னையத்தான் கேப்பா."

நான் தணல் சட்டி எடுத்துப் போகும் சாக்கில் உள்ளே போவேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்தக் காற்றை எப்படிச் சொல்வது? சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கரியை ஊதும்போது பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அதுதான், அதோடு பாலும் பூண்டும் வேர்வையும். அத்தையின் கழுத்து மடிப்பில் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. குழந்தையின் முதுகு முழுக்க வேர்க்குரு, அரிசிப் பொரிமாவு தூவியதுபோல. முதல் இரண்டு நாள் தெரு முழுக்கக் கேட்க அழுதது. எட்டாம் நாள் அழுகை ஹாலுக்கு மட்டும் கேட்டது. ஒன்பதாம் நாள் கதவுக்கு வெளியே நின்றால்தான் கேட்டது. உடம்பு தொட்டால் சுட்டது. வைத்தியரை அழைத்து வந்தார்கள். ஹாலில் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்தார், மருந்து கொடுத்தார், மோர் குடித்துவிட்டுப் போனார். அறையைப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அப்பா நூல் வாங்கக் கோவை போயிருந்த அன்று மதியம் தெர்மாமீட்டரை ஆணியிலிருந்து கழற்றினேன். கிண்ணத்துத் தண்ணீர் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடையில் நடந்தபோது மிஷின் அண்ணன் எதிரே வந்தார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கொட்டகையில் மிஷின் ஓட்டியவர்.

"என்ன பாப்பா, தெர்மாமீட்டரத் தூக்கிட்டு எங்கிட்டுப் போற? வீட்டுக்குக் காய்ச்சலா?"

"ஆமாங்ணா. எந்த எடத்துலன்னு பாக்கறேன்."

"பாத்துட்டு எங்க கொட்டாயவும் பாரு. அதுக்கு எப்பவோ சன்னி வந்துருச்சு."

ஒவ்வோர் அறையிலும் இருநூறு எண்ணும்வரை வைத்திருந்து படித்தேன். மாலையில் அப்பா வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் தாளை வைத்தேன். நூல் அறை 84. ஹால் 93. சமையலறை 97. அத்தை அறை 103.

அப்பா படித்தார். "எதைய வெச்சு அளந்த?"

"நூல் ரூம்பு தெர்மாமீட்டருங்கப்பா."

"அதைய எடத்த உட்டு எடுக்கலாமா அம்மிணி? துணி காஞ்சு போயிருந்தா இன்னிக்குப் பூராவும் தப்பாத்தான காட்டும்?"

அம்மா குழம்புக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன கூத்து இது? ஊட்டையே அளந்துட்டாளா?"

"அத்தை ரூம்புல நூத்தி மூணுங்கம்மா. நூலுக்கு எம்பத்தி நாலு."

"இருக்கட்டும். நூலு புள்ள பெத்துச்சா? நூலுக்குச் சன்னி வருமா?"

"அத்தைய நூல் ரூம்புல படுக்க வெச்சா என்னங்கம்மா?"

அம்மாவின் முகம் அப்போது போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "அந்த ரூம்புல ஒண்ண வெச்சுப் பாத்தாச்சு. போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை முடிக்காமலே எழுந்தார்.

அடுத்த நாள் காலையில் தணல் சட்டியோடு போனபோது அத்தையிடம் கேட்டேன். அவள் தொண்டை வறண்டு, கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.

"உனக்கு முன்னால உங்கொம்மாளுக்கு ஒரு பையன் பொறந்தான் கண்ணு. ஐப்பசி மாசம், அடமழை. அப்ப வடக்கால ரூம்புலதான் படுக்க வெச்சிருந்தாங்க. சொவுரெல்லாம் தண்ணியா ஊறிக் கெடந்துச்சு. பத்தாம் நாளு காத்தால தொட்டுப் பாத்தா, சில்லுனு கெடந்தான்."

அன்று குழந்தைக்குப் பத்தாம் நாள்.

அம்மா கல்நெஞ்சுக்காரி என்று அதுவரை முடிவு கட்டியிருந்தேன். அவள் தணலை ஊதிக்கொண்டிருந்தது எந்தக் குளிருக்கு எதிராக என்று அப்போது பாதிதான் புரிந்தது. மீதி புரிய நானே ஒரு பிள்ளையைப் பெற வேண்டியிருந்தது. ஆனால் எனக்குத் தெர்மாமீட்டர் தெரியும். அது ஐப்பசி இல்லை. அழுகை கதவுக்கு வெளியேகூடக் கேட்காத நிலைக்கு வந்துவிட்டது. அத்தையை அங்கிருந்து எடுத்தாக வேண்டும். எடுக்கிற அளவுக்குக் குளிர்ந்த அறை ஒன்றே ஒன்று. அதில் நூல் இருக்கிறது. நூல் நகர்ந்தால்தான் மற்றது.

இந்த வீட்டில் நூலை நகர்த்தக் கூடியது ஒன்றுதான். நோட்டு.

இன்னும் இரண்டு குடம் தண்ணீரை மணலில் ஊற்றி நிஜமாகவே ஈரமாக்கியிருக்கலாம். நூலைக் கெடுக்க மனம் வரவில்லை. எண்ணை மாற்றினால் யாருக்கும் வலிக்காது. அன்று காலை 84, 79 என்று எழுதினேன். நிஜம் 78. மதியம் 84, 80. மாலை 81. மறுநாள் காலை 82. ஒரேயடியாக ஏற்றினால் சந்தேகம் வரும் என்று எனக்குப் பதினோரு வயதிலேயே தெரிந்திருந்தது. பின்னாளில் நான் பிடித்த பல மேனேஜர்களுக்கு அது தெரியவில்லை. கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது. பொய்ப் பதிவேட்டை அடையாளம் காண நான் வைத்திருந்த முதல் விதியும் அதுதான்.

பதினோராம் நாள் காலை அப்பா நோட்டைப் பிரித்தார். கடைசி நாலு வரிமேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நூல் அறைக்குள் போனார். நான் கதவோரம் நின்றேன். தெர்மாமீட்டரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். ஒரு மூட்டையைப் பிரித்து, நூல் சுற்றிய கூம்பான கோன் ஒன்றை எடுத்தார். அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். குழந்தையைக் கன்னத்தில் வைப்பது மாதிரியே இருந்தது. பிறகு வைத்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து சத்தமாகக் கூப்பிட்டார்.

"இங்க வா. நூல்ல ஈரம் ஏறிப் போச்சு. நாலு வேளையா ஏறிட்டே வருது. இப்படியே உட்டா பூசணம் புடிச்சிரும். மூட்டைய எல்லாம் நல்லாக் காஞ்ச எடத்துல போட்டாகோணும்."

"வெய்யல்ல போடுங்க" என்றாள் அம்மா.

"வெய்யல்ல போட்டா மஞ்சக் கட்டிப் போகும். உள்ளதான் போடோணும்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். "அம்மிணி, அன்னிக்கு அளந்தயே. எந்த ரூம்பு எச்சு?"

"அத்தை ரூம்புங்கப்பா. நூத்தி மூணு."

அம்மா அவரைப் பார்த்தாள். "ஏனுங்க, பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கற ரூம்பையா கேக்கறீங்க?"

"நூலு போச்சுன்னா மிஷினு நிக்கும். மிஷினு நின்னா எல்லாரும் தெருவுலதான் நிக்கோணும். பத்து நாளைக்குத்தான்."

"அவள எங்க கொண்டு போயிப் போடறது?"

அப்பா தணிந்த குரலில், "வடக்கால ரூம்பு காலியாத்தான ஆகுது. மணலு, சாக்கு எல்லாத்தையும் எடுத்தர்றேன். ஒரு சொட்டு ஈரம் இல்லாம நானே தொடச்சுத் தர்றேன்" என்றார்.

அம்மா எதிர்த்திருப்பாள். பிரசவ அறையில் ஆண்களுக்குப் பேச்சே கிடையாது. வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் அவரை வாசலோடு அனுப்பியிருப்பாள். ஆனால் நூலுக்கு என்றால் எங்கள் வீட்டில் யாரும் மறு பேச்சுப் பேசியதில்லை. தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பிப் பாயை நகர்த்தச் சொன்னாலும் நகர்த்துவோம்.

மூட்டை தூக்க மிஷின் அண்ணன் வந்தார். "பிரசவம் நூலுக்கா முதலாளி? தணலு போட்டு மிளகு ரசமும் ஊத்திருவமா?" என்றார். நடுவில் ஒரு கோனைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றார். "முதலாளி, நூலு நல்லாத்தான..."

"நீ மூட்டையத் தூக்கு" என்றார் அப்பா.

நல்லவேளை, அப்பா அவசரத்தில் காது கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மணல் வெளியே போனது. சாக்குகள் போயின. அப்பா துடைத்த தரையை அம்மா திரும்பத் துடைத்தாள். மூன்று துணி மாற்றி மாற்றித் துடைத்தாள். பிறகு எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடு நேரம் திறக்கவில்லை. அப்பா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், தட்டவில்லை. திறந்தபோது அம்மாவின் உள்ளங்கைகள் இரண்டும் சுண்ணாம்பாக இருந்தன. நான்கு சுவரையும் தடவிப் பார்த்திருக்கிறாள்.

"காஞ்சுதான் இருக்குது. கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அத்தை அந்த அறைக்குள் காலை வைத்ததும் சுவரில் முதுகைச் சாய்த்து, "ஸ்ஸ்" என்றாள். அன்று மதியம் நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் குழந்தையின் பாதத்தைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள், சில்லிடுகிறதா என்று. சில்லிடவில்லை. கொதிப்பு மட்டும் மெல்ல இறங்கியது. மறுநாள் சாயங்காலம் அத்தைக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. பதின்மூன்றாம் நாள் குழந்தை அழுத அழுகையில் மிஷின் அண்ணன் கொட்டகையிலிருந்து ஓடி வந்து, "யாரு பாப்பா, மில்லுச் சங்கு ஊதுறது?" என்று கேட்டார். அம்மா சிரித்ததை அந்த மாதத்தில் அன்றுதான் பார்த்தேன்.

பத்து நாள் என்று சொன்ன இடமாற்றம் அத்தை ஊருக்குக் கிளம்பும்வரை நீடித்தது. நூல் மேற்கு அறையிலேயே கிடந்தது. தெர்மாமீட்டர் வடக்கு அறைச் சுவரிலேயே தொங்கியது. நானும் பழக்கத்தில் மூன்று வேளை எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அப்பா நடையில் நின்றபடி கேட்பார்.

"இன்னிக்கு எவ்வளவு அம்மிணி?"

"எம்பத்தஞ்சுங்கப்பா."

"ம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்தக் கோடை முழுக்கக் கொட்டகையில் நூல் அறுந்தது. "அப்பளமா நொறுங்குது முதலாளி" என்று மிஷின் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "ஊசி சரியில்ல. மாத்து" என்பார் அப்பா. ஊசியை மாற்றினார்கள். திரும்பவும் அறுந்தது. திரும்பவும் மாற்றினார்கள். ஓட்டை விழுந்த துணியைத் தனியாகக் கட்டி மூலையில் போட்டார்கள். அப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்று பல வருடம் எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. கூடவே, மறைத்து என்ன பயன், கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வேலைக்குப் போய் இருபது வருடம் ஆனபின் திருப்பூருக்குப் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பின்னலாடைக் கூடத்தை ஆய்வு செய்யப் போனேன். சூடு, ஈரம் குறிக்கும் பதிவேட்டில் ஒரு மாதம் முழுக்க மூன்று வேளையும் ஒரே எண், ஒரே பேனா, அழகான கையெழுத்து. மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மீட்டரே பாக்காம எழுதியிருக்கீங்க. நூல்ல ஈரம் எச்சா கம்மியான்னு எப்படித் தெரியும்?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "மீட்டரெல்லாம் உங்களுக்குங்க மேடம். எங்களுக்கு எதுக்குங்க?" பக்கத்திலிருந்த கோனை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். "ஈரம் ஏறியிருந்தாச் சில்லுங்கும். இல்லாட்டி இல்லீங்க. நூல்ல கை வெச்ச எவனுக்கும் இது தெரியுமுங்க. நாலு மிஷினு வெச்சு ஓட்டறவனுக்குத் தெரியாம இருக்குமுங்களா?"

கையிலிருந்த பதிவேட்டை மூடினேன். உடனிருந்த உதவியாளர் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை, வெக்கை என்றேன்.

கண்ணை மூடிக் கன்னத்தில் கோனை வைத்தபடி அப்பா நின்ற அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நூல் நன்றாக இருக்கிறது. மகள் பொய் எழுதியிருக்கிறாள். ஏன் எழுதியிருக்கிறாள் என்பதும் சட்டைப் பையில் நாலாக மடித்து இருக்கிறது. மேற்கு அறைச் சூட்டில் போட்டால் நல்ல நூல் அப்பளமாகிவிடும் என்பதும் தெரியும். தெரிந்துதான் போட்டார். ஈரமான நூலைக் காய வைப்பவர் தெர்மாமீட்டரையும் அல்லவா நூலோடு எடுத்துப் போக வேண்டும்? கருவி எங்கே தொங்குகிறதோ அங்கேதான் அக்கறை இருக்கிறது என்று புதிதாகச் சேரும் ஆய்வாளர்களுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். என் வீட்டில் அது ஒரு மாதம் தொட்டிலுக்கு மேலே தொங்கியதை நான் ஆய்வு செய்யவே இல்லை.

அப்பா அதற்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டார். கேட்க ஆள் இல்லை. நெருப்பெரிச்சல் கூடத்துக்குக் குறிப்பாணை கொடுத்தேன். அதில் சலுகை காட்டவில்லை. பெரியவர் கன்னத்துக்குப் படிவத்தில் இடம் கிடையாது.

அந்தத் தெர்மாமீட்டர் இப்போது இல்லை. நாலு வயதில் லீவுக்கு வந்த அந்தக் குழந்தையே அதைக் கழற்றிக் கீழே போட்டாள். பாதரசம் தரை முழுக்க உருண்டு ஓடியது. அம்மாவும் நானும் தாளால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுக்கு இப்போது சொந்தமாக ஒரு தையல் கூடம். கட்டிங் ஹால் முழுக்க ஏசி. "உங்க ரூம்பு மாதிரி எங்க ஹாலு குளுரலைங்க மச்சி" என்று என்னிடம் குறைபடுகிறாள். மாமன் மகளுக்கு எங்கள் பக்கத்தில் மச்சி என்று பெயர்.

என் அறை எப்படிக் குளிர்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறான். "இன்னிக்கும் முப்பத்தெட்டுங்கம்மா" என்கிறான்.

பெட்டியை மாற்ற ஆள் அனுப்புவதாகச் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. ஆள் வரவில்லை. காலையில் சொன்னால் மதியம் ஆள் வந்து நிற்கிற ஊர் இது.